வைன் ஆப்டிபி: ப்ளாட்டினம்னு போட்டா நம்பலாமா?

லினக்ஸ்ல விண்டோஸ் சாஃப்ட்வேர் ஓடுமான்னு தெரியணும்னா முதல்ல பாக்க வேண்டியது வைன் ஆப்டிபி தான். வைன்னா விண்டோஸ் சாஃப்ட்வேர லினக்ஸ்ல ஓட வைக்கற சாஃப்ட்வேர், அதுல எது எப்படி ஓடுதுன்னு பட்டியல் போடற சைட் தான் ஆப்டிபி. ப்ளாட்டினம், கோல்டு, சில்வர், ப்ரான்ஸ், கடைசில கார்பேஜ்னு (ஆமா, பேரே அதான்) ரேட்டிங், எல்லாம் பத்து பைசா வாங்காம ஆர்வத்துல டெஸ்ட் பண்றவங்க போடறது. ஆனா நான் மெடல பாக்கறதே இல்ல, ரிப்போர்ட்டுக்குள்ள போனா எந்த வைன் வெர்ஷன், எந்த டிஸ்ட்ரோ (உபுண்டு மாதிரி லினக்ஸ் வகை), எது ஓடுச்சு எது ஓடலன்னு தனித்தனியா இருக்கும், அங்கதான் விஷயமே. தேதியும் பாருங்க, வைன் 1.0 வந்தது 2008ல, அந்த காலத்து ப்ளாட்டினத்த நம்பி இப்ப இறங்காதீங்க. "சூப்பரா ஓடுது"ன்னு ஒத்த வரி எழுதறதுல யாருக்கும் பிரயோஜனம் இல்ல, ப்ரிண்ட் வந்துச்சா, தமிழ் ஃபான்ட் கட்டம் கட்டமா தெரியுதான்னு எழுதுங்கப்பா. ஸ்டீம்ல (ஆன்லைன் கேம் கடை) வாங்கின கேம்னா நேரா ப்ரோட்டான்டிபி போயிடுங்க, அது அந்த கேமுங்களுக்குன்னே இருக்கற இதே மாதிரி சைட்.