இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர் பணி: இராமநாதபுரம் கரையோரத்துக்கு ஒத்துவருமா?

பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் பாடம் சொல்லித்தரும் தமிழக அரசுத் திட்டம் இது. திட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. கரையோரத்தில் இடிப்பது அதன் நேரக் கணக்குதான். 2021 அக்டோபரில் தொடங்கியபோது வகுத்த ஏற்பாடு இது: ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், ஒருவருக்கு 20 பிள்ளைகள் வரை, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆறு முதல் எட்டு வரை எடுக்கப் பட்டப்படிப்பு வேண்டும். உங்கள் ஊரில் மையம் இப்போதும் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இல்லையென்றால் இதே முறையில் சமுதாயக்கூடத் திண்ணையில் நீங்களே நடத்தலாம்.

ஐந்து மணி என்பது கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் விவசாயக் கிராமத்துக்குச் சரி. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு வாரம் மூன்று நாள்தான் தொழிலுக்குப் போகும். படகு கரைக்கு வரும் நாளில் சங்காயம் (வலையில் கலந்து வரும் கழிவு மீன்) பிரிக்க அம்மா போய்விட்டால், வீட்டில் பெரிய பெண்தான் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் குடும்பங்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இதே கதை. தம்பியையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு பாய், நாலு கலர் பென்சில் போதும். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் பிள்ளைகள் ஓதப் போகும் நேரத்தை விட்டு மஃரிபுக்கு (அந்தித் தொழுகைக்கு) பிறகு வைத்தால்தான் ஆள் சேரும். புயல் கூண்டு ஏறிய நாளில் பிள்ளைகள் எல்லாரும் வீட்டில்தான் இருப்பார்கள், கரண்ட்தான் இருக்காது. சார்ஜ் விளக்கு ஒன்று வாங்கிவையுங்கள்.

இருபது பேர் என்பது ஏட்டுக் கணக்கு. வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு அருகில் உட்கார வேண்டுமானால் எட்டுப் பேருக்கு மேல் கட்டாது.

முதல் வாரம் பாடமே வேண்டாம். எழுத்து, சொல், ஒரு பத்தி, ஒரு சின்னக் கதை என்று வரிசையாக வாசிக்கவிட்டு, எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட "கொக்கு" என்பதை "கெ, ர, க்கு" என்று உடைத்து வாசிக்கும். ஒற்றைக்கொம்பை மட்டும் ககரத்தோடு சேர்த்துவிட்டு, துணைக்காலை ர என்று எடுத்துக்கொள்வதுதான் காரணம். திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வதால் இது தீராது. க எழுதிய அட்டை ஒன்று, கொம்பு ஒன்று, கால் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். கொம்பை மட்டும் வைத்தால் கெ, காலை மட்டும் வைத்தால் கா, இரண்டும் சேர்ந்தால் கொ. பிள்ளையே கையால் நகர்த்தட்டும். ககரம் பிடிபட்ட பிறகு த, ப, ம.

கணக்கில் வேடிக்கை வேறு. 403-இலிருந்து 187-ஐக் கழிக்கச் சொன்னால் நோட்டில் 384 என்று எழுதும்; ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. அதே பிள்ளையிடம் "கையில 403 ரூவா, 187-க்கு ஐஸ் வாங்கியாச்சு, மீதி?" என்று கேளுங்கள், 216 என்று பட்டென்று வரும். நாலு நூறு ரூபாய்த் தாளும் மூன்று ஒரு ரூபாய்க் காசும் வைத்து, ஒரு நூறைப் பத்துப் பத்தாகவும், அதில் ஒரு பத்தைக் காசாகவும் மாற்றிக் காட்டினால் கடன் வாங்குவது புரியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கோடை விடுமுறையும் சேர்ந்துகொள்வதால் பிள்ளைகள் சிதறிவிடுவார்கள். ஆனால் விசைப்படகில் போகும் அப்பாக்கள் கரையில் இருப்பது இப்போதுதான். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பையனைக் கடலுக்குக் கூட்டிப்போகும் பேச்சு வீட்டில் ஓடினால் அப்பாவிடம் உட்கார்ந்து பேச இதைவிட நல்ல நேரம் கிடையாது.

பூட்டிய அறையில், தனியாக ஒரு பிள்ளையோடு ஒருபோதும் வகுப்பு வேண்டாம். போகிற வருகிறவர் பார்க்கும் இடமே சரி. அடி, வேலைக்கு அனுப்புவது, கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால் நீங்களே பஞ்சாயத்துப் பண்ணப் போகாமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் தேசிய வருவாய்வழித் தேர்வை (NMMS என்னும் படிப்பு உதவித்தொகைத் தேர்வு) எழுதவைக்காமல் விடாதீர்கள். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது; தேர்ந்தெடுக்கப்பட்டால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பாடத்தைவிட மனத்திறன் கேள்விகளில்தான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள், முந்தைய வினாத்தாள்களை எடுத்துப் பழக்குங்கள். ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயர், தலைப்பெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஏழாம் வகுப்பிலேயே பாருங்கள்; பணம் நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான்.