மூடியைத் திறக்காமல் பாக்டீரியாவைக் கண்காணிக்கும் லேசர் கருவி: ஒரு பருவத்து அனுபவம்

தொண்டிக்குத் தெற்கே, கடலோர இறால் பண்ணையில் உள்ள எங்கள் ஆய்வறையில் இந்தக் கருவியை ஒரு வளர்ப்புப் பருவம் முழுவதும் பயன்படுத்தினேன். குளத்து நீரை, பாக்டீரியா வளர்க்கும் கூழான அகாரில் பரப்பி, இறாலுக்கு நோய் தரும் விப்ரியோ பாக்டீரியாவை எண்ணிப் பார்க்க 18 முதல் 24 மணி நேரம் ஆகிறது. அந்த ஒரே இரவில் குளம் கைமீறிப் போனதைக் கண்டவர்களுக்கு, சில மணி நேரம் முன்கூட்டித் தெரிவது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லத் தேவையில்லை.

மூடிய பெட்ரி தட்டின் மேல் 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் விழும்போது, சிதறும் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, ஈர மணலைத் தூவியதுபோல வெளிச்சமும் இருளுமான புள்ளிகளாகத் திரையில் தெரிகின்றன. அகார் அசைவற்றிருக்கும் வரை புள்ளிகளும் நிலைத்திருக்கும். ஓரிரு மைக்ரான் நீளமே உள்ள பாக்டீரியாக்கள் நகர்ந்து பெருகத் தொடங்கியதும் அந்தப் புள்ளிகள் நடுங்குகின்றன. அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, மாறிய இடங்களைக் கருவி நிறமிட்டுக் காட்டுகிறது. மாலையில் வைத்த தட்டில், கண்ணுக்கு ஒன்றுமே புலப்படாத முன்னிரவிலேயே ஓரத்தில் சிறு திட்டு ஒன்று தோன்றியது. மறுநாள் காலை அதே இடத்தில் காலனி வளர்ந்திருந்ததைக் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆனால், இது இனத்தை அடையாளம் காட்டாது. விப்ரியோவைத் தேர்ந்து வளர்க்கும் டிசிபிஎஸ் அகாரில் மஞ்சள் காலனியா, பாராஹீமோலிட்டிகஸ் போன்ற விப்ரியோ இனங்கள் தரும் பச்சைக் காலனியா என்பதைப் பார்த்துத்தான் நாங்கள் அடுத்த முடிவை எடுக்கிறோம். டிசிபிஎஸ் இனித் தேவையில்லை என்று கருவியை விற்க வந்தவர் சொன்னது தவறு. அதன் நீலப்பச்சை நிறம் சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால், லேசருக்கு, கடல் பாக்டீரியாக்களை வளர்க்கும் வெளிர்நிற சோபெல் மரைன் அகாரையும் இனம் அறிய டிசிபிஎஸ்ஸையும் தனித்தனியே வைக்கிறேன்.

அதிர்வுதான் பெரிய தொல்லை. மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடிய இரவுகளில் தட்டு முழுவதுமே உயிருள்ளதுபோல நிறம் காட்டியது. கருவியைத் தனிக் கடப்பைக் கல்லின் மேல், தடித்த ரப்பர் வைத்து அமர்த்திய பிறகே சரியானது. மூடியின் உட்புறம் நீர் கோத்தாலும், அகார் காய்ந்தாலும் இதே பொய்த்தோற்றம் வரும் என்பதால், பாக்டீரியா இடாத வெறுந்தட்டு ஒன்றை எப்போதும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். கடற்காற்று பலமாக வீசும் மாதங்களில் கண்ணாடிச் சாளரத்தில் உப்பு படிகிறது, தினமும் துடைக்கிறேன்.

பொரிப்பகங்களுக்கும், பல குளங்கள் உள்ள பண்ணைகளுக்கும் இதைத் துணிந்து பரிந்துரைப்பேன். ஓரிரு குளம் மட்டும் உள்ளவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வாங்கலாம்.