காத்தான்குடிக் கராஜும் என் பழைய ஏ.எக்ஸ்.1-உம்

முப்பது வருடம் கால்நடை வைத்தியராக இருந்தவன் நான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பட்டிகளில் மாட்டின் இடது விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, இரைப்பை இரண்டு நிமிடத்துக்கு மூன்று தடவையாவது புரள்கிறதா என்று எண்ணிப் பிழைத்தவன். அதனால் நோய் பிடிக்கிற விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கராஜ்களுக்குப் போகும்போது அந்தத் திமிர் வயிற்றெரிச்சலாக மாறிவிடும். வண்டிக்கு என்ன என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஆள் ஸ்பேனரோடு குனிந்திருப்பார்.

என் வண்டி ஹொண்டா ஏ.எக்ஸ்.1, 1990ஆம் ஆண்டுத் தயாரிப்பு. 249 சிசி, தண்ணீரில் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், ஆறு கியர். வவுணதீவுக் கிரவல் வீதியில் காலையில் ஓடிவிட்டு மத்தியானம் கண்டிக்குப் புறப்பட்டாலும் முகம் சுளிக்காது. மகள் கண்டியில் இருக்கிறாள். "பஸ்ஸில் போனால் என்ன?" என்று மனைவி கேட்பதற்கு இதுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

போன மாரியில் நான்கு குறைகள் ஒன்றாகத் தொடங்கின. நாற்பது, ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் கீழேயிருந்து 'கடக், கடக்' என்றொரு சத்தம். இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்குத் தூக்கினால் நடுவில் எங்கோ தொங்கி எஞ்சின் வெறுமனே இரையும். சூடேறிய பிறகு ஆரையம்பதிச் சந்தியில் நிறுத்தினால் நியூட்ரல் விழாது. முன் பிரேக் பிடித்தால் கைபிடிக்குக் கீழே 'டொக்'.

முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். நிறுத்திவைத்து இரண்டு தடவை முறுக்கிப் பார்த்துவிட்டு, "டைமிங் செயின், பிஸ்டன், இரண்டும் போய்விட்டன" என்றார்கள். 60,000 ரூபா கேட்டார்கள். ஓட்டிப் பார்க்கவில்லை. எப்போது வருகிறது என்றும் கேட்கவில்லை.

பழைய பட்டிக்காரர் ஒருவர் சொல்லித்தான் காத்தான்குடிக்குப் போனேன். பேரீச்சை மரங்கள் நிற்கும் பிரதான வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் தகரக் கொட்டில். பெயர்ப்பலகையை உப்புக்காற்று தின்றுவிட்டது. எல்லோரும் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்கிறார்கள். என்னைவிட இளையவர்தான், நானும் காக்கா என்றே கூப்பிட்டேன், அவர் என்னை சேர் என்றார்.

வண்டியைத் தொடாமல் கேள்விகள்தான் முதலில் வந்தன. குளிரிலா, சூட்டிலா? முறுக்கும்போதா, விடும்போதா? கிளச்சைப் பிடித்தால் மாறுகிறதா? கடைசியாக எதைக் கழற்றிப் பூட்டினீர்கள்? நான் மாணவனாக இருந்த காலத்தில் நோயின் வரலாறு கேட்கச் சொல்லித்தந்த ஒழுங்கு அப்படியே. மனதுக்குள் எழுந்து நின்றேன்.

பிறகு என் பின்னால் ஏறிக்கொண்டார். கடற்கரை வீதியில் ஐம்பதில் போகும்போது சத்தம் வந்தது. "கிளச்சைப் பிடியுங்கள்." பிடித்தேன், எஞ்சின் தணிந்தது, சத்தம் தணியவில்லை. "இப்போது எஞ்சினை அணைத்துவிட்டு உருளவிடுங்கள்." அலைச் சத்தத்துக்கு நடுவே 'கடக், கடக்' என்று தெளிவாகக் கேட்டது, வண்டி மெதுவாக மெதுவாக அதுவும் மெதுவாகியது. "எஞ்சின் தூங்குகிறது சேர். பிஸ்டன் எப்படிச் சத்தம் போடும்?" 60,000 ரூபா அந்த மணலில் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

கராஜில் பின் சில்லைத் தூக்கிவைத்து, கையால் சுற்றிச் சுற்றி, சில்லை ஓட்டும் வெளிச் செயினின் தொய்வை அளந்தார். ஓரிடத்தில் 45 மில்லிமீற்றர், கொஞ்சம் சுற்றியதும் 20. சில கண்ணிகள் உப்பில் இறுகி வளையவே மறுத்தன. முன் ஸ்ப்ரொக்கெட்டின் பற்கள் கொக்கிபோல ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. இறுகிய துண்டு அந்தப் பற்களில் ஏறும் ஒவ்வொரு தடவையும் ஒரு 'கடக்'. செயினுக்கு நான் ஒயில் போடுவதே இல்லையா என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினை நான் விடவில்லை. அதையும் பார்க்கச் சொன்னேன். எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை மூடியில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்தார். பிறகு என்னிடம் தந்தார். மேலே வால்வுப் பக்கம் மென்மையான 'டிக், டிக்'. "மேலே தட்டுவது கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு தடவைதான் தட்டும். கீழே தட்டினால் அதைவிட இரண்டு மடங்கு வேகமாகத் தட்டும். உங்களுடையது மேலே, மெதுவாக. இது வயதுச் சத்தம்" என்றார். மாட்டின் விலாவில் கேட்டவனுக்கு இரும்புக்குள் கேட்பது அப்படியொன்றும் அந்நியமாக இல்லை. "கல்லடி வாவியில் துடுப்பை விட்டு மீன்பாட்டுக் கேட்கிற மாதிரித்தான்" என்று அவர் சிரித்தார். வாவித் தண்ணீருக்குள்ளிருந்து எழும் என்று சொல்கிற அந்த மீன்பாட்டை நான் ஒருநாளும் கேட்டதில்லை. இதைக் கேட்டேன்.

கியர் விஷயத்தில் இரண்டு தனித்தனிக் குறைகள் ஒரே குறையாக வேடமிட்டிருந்தன. காலால் தூக்கும் லீவரின் உட்பற்கள் தேய்ந்து, ஒரு விரலளவு ஆடிய பிறகுதான் தண்டைத் திருப்பியது. பாதித் தூக்கல் வீணாகி, கியர் நடுவழியில் நின்றது. லீவரை மாற்றியதும் அது தீர்ந்தது. நியூட்ரல் விழாததற்குக் காரணம் கிளச். கேபிளில் ஐந்தாறு இழைகள் அறுந்து நீண்டிருந்தன. மூடியைக் கழற்றினால், கிளச் கூடையின் விரல்களில் தட்டுகள் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருந்தது. கிளச் லீவரைப் பிடித்தாலும் தட்டுகள் அந்தப் பள்ளத்தில் சிக்கி முழுதாகப் பிரியவில்லை. பள்ளங்களை அரத்தால் அராவி விட்டார். "இது ஒரு தடவைக்குத்தான், அடுத்த தடவை கூடை மாற்றவேண்டும்" என்று முன்கூட்டியே சொன்னார். நான் ஊற்றிவந்த கார் ஒயிலைப் பற்றியும் ஒரு பிரசங்கம் கிடைத்தது: கிளச் ஒயிலில் நனைந்து வேலை செய்யும் வண்டிக்குப் போத்தலில் ஜாசோ எம்.ஏ. குறி இருக்கவேண்டுமாம். எனக்குத் தெரிந்த விஷயம்தான். மிச்சமிருந்த ஒயிலை வீணாக்க மனமில்லாமல் ஊற்றியது.

'டொக்' சத்தம், கைபிடி திரும்பும் கழுத்திலுள்ள ஸ்டியரிங் கோன் தளர்ந்தது. இறுக்கினார், அவ்வளவுதான்.

இனி என் முறைப்பாடுகள். கொழும்பிலிருந்து செயின் செட் வர பதினொரு நாள் ஆனது, அதுவரை காக்கா தொலைபேசியை எடுக்கவே இல்லை. பில் கிடையாது, சிகரட் பெட்டி அட்டையில் கணக்கு. மொத்தம் 34,500 ரூபா, அதில் கூலி 6,500 மட்டும். புதுக் கேபிள் அசல் அல்ல, இழுக்கக் கடினம். நீண்ட ஓட்டத்தில் இடது மணிக்கட்டு வலிக்கிறது. அசல் கேபிள் தேடலாமா என்று என்னிடம் கேட்டிருக்க வேண்டும். அங்கே உட்கார ஒரு கதிரையும் இல்லை, பழைய டயர்தான்.

ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் எப்போதாவது கியர் வழுக்குகிறது. அதற்கு எஞ்சினை இரண்டாகப் பிளக்கவேண்டும் என்றும், வடித்த ஒயிலில் இரும்புச் சீவல் இல்லாதபடியால் இப்போது பிளக்கமாட்டேன் என்றும் மறுத்துவிட்டார். காசு வரும் வேலையை வேண்டாம் என்றவர்.

போன வாரம் செங்கலடி, மகா ஓயா, பதியத்தலாவ, மகியங்கனை என்று போய், கண்டி வீதியின் பதினெட்டு வளைவு ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று. ஒரு தடவைகூடத் தொங்கவில்லை.

போகிறவர்கள் வெள்ளிக்கிழமையென்றால் பதினொரு மணிக்கு முன் போங்கள், பிறகு ஜும்ஆவுக்குப் பூட்டிவிடுவார். வண்டியைக் கழுவாமல் கொண்டுபோங்கள். நான் மரியாதைக்காகப் பளபளவென்று கழுவிக்கொண்டுபோய் ஏச்சு வாங்கினேன்: ஒயில் எங்கே கசிகிறது என்பதை அழுக்குத்தானே காட்டும்? கழிச்சல் கண்ட மாட்டைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து நிறுத்தும் பட்டிக்காரர்களை நான் எத்தனை தடவை இதே குரலில் ஏசியிருப்பேன்.