கெண்டைத் தூண்டில் சாமான்: மூன்று வருஷம் பயன்படுத்திய பிறகு

முதல் தடவை கடைக்குப் போனபோது கையிலிருந்த காசை எல்லாம் ராடில், அதாவது தூண்டில் கம்பில், கொட்டினேன். பத்தடி நீளம், கிராஃபைட், தூக்கினால் கனமே தெரியாது. மிச்சம் இருந்த நானூறு ரூபாய்க்கு நரம்பு சுற்றுகிற ஒரு ரீல், அதில் கடைக்காரர் சும்மா சுற்றிக் கொடுத்த தங்கூஸ் நரம்பு. அப்படியே தலைகீழாக வாங்கியிருக்க வேண்டும் என்பது புரிய ஒரு வருஷம் ஆனது.

நான் தூண்டில் போடுவது கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஏரிகளில், குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான். கட்லா, ரோகு, மிர்கால், சாதா கெண்டை இவைதான் அகப்படும். (சாதா கெண்டை பெயரில்தான் சாதா, நம்மூர் மீனே இல்லை, அதன் ஜெர்மன் வகையை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.)

அந்த நானூறு ரூபாய் ரீலின் வண்டவாளம் ஒரு விடிகாலையில் தெரிந்தது. மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது டிராக், அதாவது ரீலுக்குள் இருக்கும் பிரேக், நரம்பைச் சீராக விட்டுக்கொடுக்க வேண்டும், ஆனால் இது முதலில் கவ்விப் பிடித்து, அப்புறம் திடீரென்று வழுக்கி, மறுபடி கவ்வியது, அந்த இரண்டாவது கவ்வலில் டக்கென்று அறுந்தது. என்ன மீன், எவ்வளவு எடை, ஒன்றும் தெரியாது, முகத்தைக்கூடக் காட்டவில்லை. இப்போது ரீல் வாங்கினால் கடையிலேயே டிராக்கைப் பாதி இறுக்கி நரம்பைக் கையால் மெதுவாக இழுத்துப் பார்க்கிறேன். விட்டுவிட்டு வந்தால் வேண்டாம். டப்பாவில் எத்தனை பேரிங் என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்ப்பதே இல்லை. 4000 சைஸ் ரீல் ஒன்று 1,800 ரூபாய்க்கு வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது, கைப்பிடி கொஞ்சம் ஆடுகிறது, டிராக் இன்னும் வெண்ணெய் மாதிரி.

நரம்பு 0.35 மில்லிமீட்டர் சாதா நைலான். நடுவில் ஆசைப்பட்டுப் பின்னல் நரம்பு போட்டேன், அது துளிகூட நீளாது, கெண்டைக்கோ வாய் மெத்து, இரண்டு மீன் வாய் கிழிந்து போய்விட்டது. நைலான் வெயிலில் கெட்டுவிடும், வருஷம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு நாளும் போடுவதற்கு முன் கடைசி இரண்டு மீட்டரை விரல் நடுவில் ஓட்டிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டினால் அவ்வளவையும் வெட்டி எறியுங்கள்.

தூண்டில் முள் விஷயத்தில் பட்ட அவமானம் தனி. எண் கூடினால் முள் பெரிது என்று நினைத்து 14 வாங்கினேன், பார்த்தால் கெளுத்திக் குஞ்சுக்குத்தான் ஆகும். இப்போது 6, 8 மட்டும். தவிடும் புண்ணாக்கும் பிசைந்து அப்புகிற ஸ்பிரிங் தூண்டிலில் மீன் விழும், மறுக்கவில்லை, ஆனால் சுற்றி ஐந்தாறு முள் தொங்குவதால் கண்ணிலும் வயிற்றிலும் மாட்டி வருவதைப் பார்த்த பிறகு விட்டுவிட்டேன்.

தக்கையா ஈயமா என்பதை மீனின் வாயே சொல்லும். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், மேல் தண்ணீரில் மேயும், அதற்குத் தக்கை. மிர்காலும் சாதா கெண்டையும் தரையைக் கிளறுபவை, ஈயம் போட்டு அடியில் கிடத்த வேண்டும். நான் ஆறு மாதம் கட்லா துள்ளுகிற இடத்தில் அடியில் இரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் வலை. நீளப் பிடி போட்ட கைவலை ஒன்று முதல் நாளே வாங்குங்கள், கரைக்கு வந்த மீனை நரம்பைப் பிடித்துத் தூக்கி இழந்த கணக்கு என்னிடம் நிறைய இருக்கிறது. மீன் கடித்தால் கத்துகிற மின்சார அலாரம் ஒரே மழையில் செத்தது. இப்போது ராடு நுனியில் நாய்க் கழுத்து மணிதான், பிரமாதமாக வேலை செய்கிறது.

அந்தப் பத்தடி ராடா? கார் கதவில் நுனி மாட்டி உடைந்தது. அதற்கும் முன்னால், ஏரிக்கரையில் பம்புசெட்டுக்குப் போகிற கம்பிக்குக் கீழே அதைத் தூக்கி வீசப் போனேன், கிராஃபைட்டில் கரண்ட் பாயும் என்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கத்தித்தான் நிறுத்தினார். இப்போது வைத்திருப்பது எட்டடி ஃபைபர், 900 ரூபாய். அதில் நரம்பு ஓடுகிற ஒரு வளையத்தில் பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது, பஞ்சை உள்ளே விட்டு இழுத்தபோது இழை மாட்டியதால் கண்டுபிடித்தேன். இந்த வாரம் மாற்ற வேண்டும்.