ஜப்பானின் இஷின் கட்சியின் முன் இருந்த இரண்டு வழிகள்: எதிர்க்கட்சிகளின் பொது வேட்பாளரா, தக்காயிச்சியா?

2025 அக்டோபர் 10 அன்று கூட்டணிக் கட்சியான கோமெய்த்தோ விலகியதும், 196 இடங்களோடு தனித்து நின்றது தக்காயிச்சி தலைமையிலான ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சி. 465 பேர் கொண்ட கீழவையில் பெரும்பான்மைக்கு 233 வேண்டும். பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில், எதிர்க்கட்சியான இஷினின் 35 இடங்கள் எந்தப் பக்கம் போகும் என்பதே கேள்வி.

எண்ணிக்கை
பொது வேட்பாளர்: அரசியலமைப்பு ஜனநாயகக் கட்சி 148, இஷின் 35, மக்கள் ஜனநாயகக் கட்சி 27, மொத்தம் 210.
தக்காயிச்சி: 196 + 35 = 231.

210 போதாது என்று தள்ளிவிடக் கூடாது. முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால் முதலிருவர் மோதுவார்கள். அங்கே ஒரு வாக்கு அதிகம் பெற்றாலே வெற்றி. மேலவை வேறு பெயரைச் சொன்னாலும் இறுதியில் கீழவை முடிவே நிற்கும்.

கொள்கை
பொது வேட்பாளர்: பாதுகாப்புச் சட்டங்களிலும் அணுமின்சாரத்திலும் நிலைப்பாட்டை மாற்றும்படி அரசியலமைப்பு ஜனநாயகக் கட்சியை மக்கள் ஜனநாயகக் கட்சித் தலைவர் தமாகி கேட்டார். பேச்சு சிக்கியது இங்கேதான்.
தக்காயிச்சி: பாதுகாப்பில் நெருக்கம், எம்.பி. இடங்களைக் குறைப்பதே பேரம்.

ஆயுள்
பொது வேட்பாளர்: பிரதமரானாலும் பட்ஜெட்டுக்கு 233 தேடி அலைய வேண்டும். 1993-இல் எட்டு அணிகள் சேர்த்த ஹொசொகாவா அரசு ஒன்பது மாதம்கூடத் தாங்கவில்லை.
தக்காயிச்சி: இருவர் பேசினால் போதும். ஆனால் அமைச்சர் பதவி ஏற்காத கூட்டாளி எளிதில் விலகலாம்.

ஆட்சி மாற்றமே குறி என்றால் முதல் வழி. அதற்குக் கொள்கை உடன்பாட்டை வாக்கெடுப்புக்கு முன்பே எழுதி முடித்திருக்க வேண்டும். சில கோரிக்கைகளை உடனே சட்டமாக்க இரண்டாவது. இஷின் இரண்டாவதை எடுத்தது. 21-ஆம் தேதி தக்காயிச்சி 237 வாக்குகள் பெற்றார்.