முதலில் பரு, பிறகு கருமை: எந்த மருந்து எதற்கு?

கேரள-தமிழ்நாடு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் பருவோடு தவிக்கும் பிள்ளைக்கு இரு திசையிலிருந்தும் மருந்து வருகிறது. சித்தூர்ப் பக்கம் போனவர்கள் குங்குமாதி தைலம் என்னும் ஆயுர்வேத முக எண்ணெய் வாங்கி வருகிறார்கள். பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறியவர்கள் மருந்துக்கடையில் ஏதாவது களிம்போடு திரும்புகிறார்கள். என் மகள் முகத்தில் இரண்டையும் பூசிப் பார்த்துவிட்டோம்.

தைலத்தை நான் பழிக்கவில்லை. அதன் அடிப்படை நல்லெண்ணெய்; வறண்ட முகத்துக்கு இதமாக இருக்கும். ஏற்கெனவே எண்ணெய் வழிந்து துளைகள் அடைபட்ட முகத்துக்கு அது எதற்கு? அதைப் பூசிய நாட்களில் என் மகளுக்கு நெற்றியெல்லாம் புதுப் பரு கிளம்பியது.

சிவந்து வீங்கும் பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடு களிம்பு நல்லது. 2.5 சதவீதமே போதும். கிருமியைக் கொல்லும், கிருமி அதற்குப் பழகிப்போவதுமில்லை. தலையணை உறையும் துண்டும் வெளுத்துப்போகும், அவ்வளவுதான். அடாபலீன் 0.1 சதவீதம் மெதுவானது. துளை அடைபடுவதையே தடுக்கும். இரவில் பட்டாணி அளவு எடுத்து, பரு மேல் மட்டும் வைக்காமல் முகம் முழுவதும் மெல்லப் பூச வேண்டும். முதல் சில வாரங்கள் தோல் உரியும், எரியும். பரு கூடியதுபோலவும் தெரியும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். 12 வாரம் பொறுத்தவர்களுக்கே பலன். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் அடாபலீன் பக்கம். புதுப் பரு வராமல் நின்றால்தானே புதுக் கருமை விழாமல் இருக்கும்!

பரு ஆறிய இடத்தில் விழுந்துவிட்ட கருமைக்கு அசெலாயிக் அமிலக் களிம்பு. பருவையும் குறைக்கும், கருமையையும் மங்கச் செய்யும், ஆனால் மாதங்கள் ஆகும். அதற்குப் போட்டியாக நிற்பது ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பு. சீக்கிரமே முகம் தெளியும், ஆபத்தும் அதில்தான். மருத்துவர் கண்காணிப்பில்லாமல் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் தெரியும். நிறுத்தியதும் பரு பொங்கும். அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று தயவுசெய்து வாங்காதீர்கள். பெயர் தெரியாத வெளுப்புக் களிம்பு இதைவிட மோசம்: 2023இல் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், பாதரசம் கலந்த களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது.

எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். எரிந்த இடம் இன்னும் கறுக்கும்.

எதைப் பூசினாலும் பகலில் எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30 சன்ஸ்கிரீன் இல்லாவிட்டால் நம் வெயில் அந்தக் கருமையை மறுபடி ஏற்றிவிடும். குழி விழுந்த வடு வேறு கதை. அதற்கு இந்தக் களிம்புகளை நம்பிக் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.