கப்பலில் கடெட் பயிற்சிக்கு இடம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

என் அக்கா மகன் டிஎன்எஸ் என்ற கப்பல் படிப்பு (டிப்ளமோ) படித்தவன். ஒரு வருடம் கரையில் படிப்பு, அப்புறம் 18 மாதம் டெக் கடெட்டாக (பயிற்சி அதிகாரியாக) கப்பலில் பயிற்சி, அதற்குப் பிறகுதான் கப்பல் அதிகாரியாவதற்கான செகண்ட் மேட் தேர்வு. சேரும்போது கப்பலில் பயிற்சி தருவதாக ஸ்பான்சர் கடிதம் கொடுத்த கம்பெனி, படிப்பு முடிந்ததும் "இப்போதைக்கு இடமில்லை" என்று கைவிரித்துவிட்டது. ஏஜென்ட்கள் வலை வீசுவது இப்படித் தவிக்கும் பையன்களைப் பார்த்துத்தான்.

தூத்துக்குடியில் ஒரு மாடி அறை, சுவர் முழுக்கக் கப்பல் படங்கள். "சாதாரணக் கப்பல் இல்ல சார், ட்ரெயினிங் ஷிப். உள்ளேயே கிளாஸ் ரூம், தனியா ட்ரெயினிங் ஆபீசர், கவர்மென்ட் அப்ரூவல் எல்லாம் இருக்கு" என்றார் ஏஜென்ட். நாலரை லட்சம் கேட்டார். மச்சான் பிஎஃப் பணத்தை எடுத்துக் கட்டினார்.

பயிற்சிக்கென்றே கூடுதல் கேபின்கள் வைத்த சரக்குக் கப்பல்கள் உண்மையிலேயே உண்டு. ஆனால் அவற்றில் கம்பெனிகள் ஏற்றுவது தாங்களே தேர்ந்தெடுத்த கடெட்களை. நம் அரசின் மிதக்கும் பயிற்சிக் கப்பல் கதையோ எப்போதோ முடிந்துவிட்டது. பம்பாயில் 1927-ல் டஃப்ரின், 1972-ல் அதன் இடத்துக்கு ராஜேந்திரா, 1993-ல் அதற்கும் ஓய்வு. அதன் வாரிசான சாணக்யா நவி மும்பையில் தரையில் நிற்கும் கல்லூரி. பெயரில் மட்டும்தான் கப்பல்.

பையனை விசிட் விசாவில் துபாய்க்கு அனுப்பினார்கள். அஜ்மானில் ஓர் அறையில் பல பேரோடு அடைத்து வைத்துவிட்டு, கடைசியில் ஏற்றியது ஷார்ஜாவுக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு டீசல் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு சின்ன டேங்கரில். கிளாஸ் ரூமும் இல்லை, ட்ரெயினிங் ஆபீசரும் இல்லை. காலையிலிருந்து துரு தட்டுவது, பெயின்ட் அடிப்பது, நேரம் மிஞ்சினால் சமையல்காரருக்கு எடுபிடி. பாஸ்போர்ட்டும் சிடிசியும் (கடலோடியின் அடையாளப் புத்தகம்) முதலாளி கையில். சம்பளம் முதல் மாதத்தோடு சரி.

துரு தட்டுவதைக் குறை சொல்லவில்லை, எந்தக் கடெட்டும் தட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் கடலோடிகளின் பயிற்சிக்கான சர்வதேச ஒப்பந்தமான எஸ்டிசிடபிள்யூ விதிப்படி, பயிற்சிக் காலத்தில் குறைந்தது 6 மாதமாவது பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் அறையில்) தகுதியுள்ள அதிகாரியின் மேற்பார்வையில் வாட்ச் (காவல் முறைப் பணி) நின்றிருக்க வேண்டும். கப்பல் இருக்கும் இடத்தைக் கணிப்பது, லைஃப்போட் இறக்குவது, சரக்கு ஏற்றும்போது கவனிப்பது என்று ஒவ்வொரு வேலையையும் கற்றுக்கொண்டதற்கு ட்ரெயினிங் ரெக்கார்ட் புக்கில் அந்த அதிகாரி கையெழுத்திட வேண்டும். இவனைப் பிரிட்ஜுக்குள் விட்டதே இல்லை. புத்தகம் போனபடியே வெள்ளையாகத் திரும்பி வந்தது.

ஒருவழியாக நாங்களே டிக்கெட் போட்டு வரவழைத்து, சென்னையில் கப்பல் துறையின் அரசு அலுவலகமான மெர்கன்டைல் மரைன் டிபார்ட்மென்டில் விசாரித்தோம். படகு 500 டன்னுக்கும் கீழே, அனுப்பியவருக்குக் கப்பலுக்கு ஆள் எடுத்து அனுப்புவதற்கான ஆர்பிஎஸ் லைசென்ஸ் இல்லை, அவன் இன்டோஸ் எண்ணில் (கடலோடிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) கப்பல் ஏறிய பதிவே இல்லை. அங்கே கழித்த காலத்தில் ஒரு நாள்கூடப் பயிற்சிக் கணக்கில் சேராது.

ஏஜென்டிடம் போய்ச் சண்டை போட்டபோது அவர் சொன்னதுதான் உச்சம். "புக்குல கையெழுத்துதானே பிரச்சனை? சீல் எல்லாம் எங்ககிட்டயே இருக்கு, அறுபதாயிரம் குடுங்க, முழுசா போட்டுத் தர்றேன்." அதை எடுத்துக்கொண்டு தேர்வுக்குப் போய் மாட்டினால் ஏஜென்டுக்கு ஒன்றும் ஆகாது, பையனுடைய கப்பல் வாழ்க்கைதான் முடியும். அந்த வலையில் விழுந்த பையன்கள் எத்தனை பேரோ.

கப்பலில் வேலையோ பயிற்சியோ வாங்கித் தருவதற்குக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது கடலோடிகளின் வேலை உரிமைக்கான எம்எல்சி என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் விதி. இந்தியா 2015-லேயே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. பாஸ்போர்ட், சிடிசி, மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றின் செலவு மட்டும்தான் நம்முடையது. "சர்வீஸ் சார்ஜ்", "டெபாசிட்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். லைசென்ஸ் எண்ணைச் சொன்னால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம். மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங்கின் இணையதளத்தில் கம்பெனி பெயரும் முகவரியும் பொருந்துகிறதா, லைசென்ஸ் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கப்பலின் அடையாள எண்ணான ஐஎம்ஓ எண்ணைக் கேளுங்கள். அது கிடைத்தால் கப்பல் எவ்வளவு பெரியது, யாருடையது, இப்போது எங்கே நிற்கிறது என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். எங்கள் ஏஜென்ட் கடைசி வரை அந்த எண்ணைத் தரவில்லை. விசிட் விசா என்ற பேச்சு வந்தாலே விமானம் ஏறாதீர்கள்.

போலீசிலும் டிஜி ஷிப்பிங்கிலும் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. அந்த மாடி அறையில் இப்போது வேறு பெயர்ப்பலகை தொங்குகிறது, உள்ளே உட்கார்ந்திருப்பது அதே ஆள்தான். அங்கே பணம் கட்டியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள்; தனித்தனியாக அலைவதைவிடச் சேர்ந்து புகார் கொடுக்கலாம்.